வளைவு இருக்கும் இடம்

அக்டோபர் 9

மறுபடி மூடுபனி. இந்தப் பருவத்தில் ஜெலிட்ஸ் குன்றில் கலைமான்கள் கத்துவதைக் கேட்கலாம், நட்சத்திரம் பார்க்க முடியாது. தொலைநோக்கியைக் காரிலேயே விட்டுவிட்டு வந்து படுத்தேன். விடிவதற்குள் டிப்போவிலிருந்து பஸ்ஸை ஓட்டிக் கிளம்பவேண்டும். ஐம்பத்தாறு வயதில் எவன் இப்படி அலைவான்?

அக்டோபர் 12

நேற்று வானம் தெளிந்தது. எடுத்த படங்களைப் பழையவற்றோடு ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்தேன். அடுக்க அடுக்கத்தான் மங்கலானதெல்லாம் மேலே வரும். காசியோப்பியா நட்சத்திரக் கூட்டத்தின் ஓரத்தில், ஆக்ஸிஜன் ஒளியை மட்டும் உள்ளே விடும் ஃபில்டரில் மட்டும், ஒரு வளைவு. வெட்டிப் போட்ட நகம் மாதிரி. எந்தப் பட்டியலிலும் அந்த இடத்தில் வாயு மேகம் ஒன்றும் இல்லை.

மனைவி பிரோஷ்கா அடுமனை வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். நிறுத்திக் காட்டினேன். "தூசியா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

தூசியாகவும் இருக்கலாம். கண்ணாடிக்குள் ஒளி பட்டுத் திரும்பியதாகவும் இருக்கலாம். கேமராவைத் திருப்பி வைத்து எடுத்தால் தெரிந்துவிடும். பொய் என்றால் வளைவும் கூடவே திரும்பும்.

அக்டோபர் 15

திரும்பவில்லை. அங்கேயேதான் இருக்கிறது.

பதினோரு வருஷமாக, ஊர் உலகமெல்லாம் எடுத்த ஆண்ட்ரோமெடாவையும் ஓரியனையும் எல்லாரையும்விட மட்டமாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். டிப்போவில், "புரொஃபசர், நிலாவுக்குக் கடைசி பஸ் எப்போ?" என்பார்கள். இது ஒன்று என் பெயரில் வந்துவிட்டால் போதும். பிறகு தூங்குவேன். நிஜமாகவே தூங்குவேன்.

அக்டோபர் 17

புதுக் கண்டுபிடிப்புகளைச் சரிபார்க்கும் குழுவுக்கு எழுதியிருந்தேன். இன்னொருவர் தொலைநோக்கியிலும் தெரிந்தால்தான் ஏற்பார்களாம்.

எனக்குத் தெரிந்தவன் ஸோம்போர் ஒருவன்தான். ருமேனியாவில், சீக் மலைப்பக்கத்தில் இருப்பவன், ஆனால் எங்களைப்போல ஹங்கேரிக்காரன்; தண்ணீர் பாட்டில் ஆலையில் வேலை. நட்சத்திரம் பார்க்கும் கோடை முகாமில் ஒரு தடவை பார்த்தது, மற்றபடி எல்லாம் போனில்தான். அவன் தொலைநோக்கி என்னுடையதைவிடப் பெரிது. அவன் வானமும் இருட்டு. விஷயத்தைச் சொன்னதும், "இடத்தை மட்டும் அனுப்புங்கண்ணே, மிச்சத்தை நான் பாத்துக்கறேன்" என்றான்.

இங்கே நான் வாரக்கணக்கில் சேர்த்ததை அவன் ஒரே ராத்திரியில் எடுத்துவிடுவான். எடுத்துவிட்டுத் தன் பெயரில் அனுப்பிவிட்டால்? இன்னும் கொஞ்சம் படம் சேர்த்து நானே முதலில் முழுசாக அனுப்பிவிட்டால் நல்லது. அதுவரைக்கும் அவன் —

வானத்தில் ஓர் இடத்தைச் சொல்ல இரண்டு எண்கள் வேண்டும். இரண்டையுமே மாற்றி அனுப்பினேன். கொஞ்சம்தான். அவன் படத்துக்குள் வளைவு விழாத அளவுக்கு.

அக்டோபர் 29

பௌர்ணமி. யாராலும் எதுவும் எடுக்க முடியாது. நிம்மதி.

நவம்பர் 13

நிலா இல்லாத நாட்கள். இங்கே மூடுபனி, அங்கே பளிச்சென்று இருக்கிறதாம். ஸோம்போர் லீவு போட்டுவிட்டு மலைக்கணவாயில் காருக்குள் கிடக்கிறான். "மைனஸ் பன்னெண்டுண்ணே. மூக்கு இருக்கான்னு அப்பப்போ தொட்டுப் பாத்துக்கறேன்."

சிரித்தேன். போனை வைத்தபிறகு தட்டைத் தள்ளி வைத்துவிட்டேன்.

நவம்பர் 16

"மூணு ராத்திரி எடுத்துட்டேண்ணே. ஒண்ணுமே இல்ல. என் ஃபோகஸ்தான் சரியில்லையோ என்னவோ. நீங்க மனசு விட்டுராதீங்க, இன்னும் ரெண்டு நாள் லீவு கேட்டிருக்கேன்."

அவன் என்னைத் தேற்றுகிறான். என்னை.

இன்று பஸ் ஓட்டும்போது எதிரே வந்த டிராக்டர் இரண்டாகத் தெரிந்தது. வீட்டுக்கு வந்ததும் பிரோஷ்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பிசைந்துகொண்டிருந்த மாவிலிருந்து கையை எடுக்காமல் கேட்டாள்.

"ஏன்யா, அவன் உனக்கு என்ன பண்ணினான்?"

ஒன்றும் பண்ணவில்லை.

"இப்பவே போன் போடு."

"தூங்கிட்டிருப்பான்."

"நீ எங்க அவனைத் தூங்க விட்ட?"

நவம்பர் 17

போட்டேன். உண்மையைச் சொல்லத்தான் போட்டேன். அவன் குரலில் சளி கட்டியிருந்தது. "சொல்லுங்கண்ணே" என்றான். வாயில் வேறு வந்துவிட்டது. கண்ணாடி போடாமல் தப்பாக அடித்துவிட்டேன் தம்பி, இப்போதுதான் பார்த்தேன் என்றேன்.

ஒரு தடவை இருமினான்.

"சரிண்ணே. சரியானதை அனுப்புங்க."

அனுப்பினேன். பிரோஷ்கா, "சொல்லிட்டியா?" என்றாள். சொல்லிவிட்டேன் என்றேன். அசதி. எழுதக்கூடக் கை வரவில்லை.

நவம்பர் 21

அவன் படம் வந்துவிட்டது. வளைவு இருக்கிறது! என் படத்தில் இருந்தது பாதிகூட இல்லை. அவனுடையதில் கிட்டத்தட்ட முழு வளையம், உள்ளே மெல்லிய இழைகள். நான் இன்னும் பத்து வருஷம் குன்றில் கிடந்தாலும் இப்படி எடுத்திருக்க மாட்டேன்.

படத்தோடு ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. நான்தான் எழுதினேன்: இரண்டு படத்தையும் சேர்த்து நீயே குழுவுக்கு அனுப்பு, உன் பெயரை முதலில் போடு, என்னுடையது பின்னால் வரட்டும். உண்மையாகத்தான் எழுதினேன். பதில் இல்லை.

டிசம்பர் 11

ஸோம்போர் அனுப்பியதைக் குழு ஏற்றுக்கொண்டுவிட்டது. கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் என் பெயர். என் பெயர் மட்டும்.

டிப்போவில் எப்படியோ தெரிந்து, முதுகில் தட்டித் தள்ளிவிட்டார்கள். "நெஜமாவே புரொஃபசர் ஆயிட்டான்டா." பிரோஷ்கா கிறிஸ்துமஸ்வரை காத்திராமல் கசகசா வைத்துச் சுருட்டும் பெய்க்லி ரொட்டியைச் சுட்டாள். நானும் சிரித்த முகமாகத்தான் இருந்தேன் என்று நினைக்கிறேன்.

ஸோம்போரைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். சாயங்காலம் செய்தி வந்தது.

"வாழ்த்துகள். என் பேரை நான்தான் எடுத்துட்டேன். கை தவறினா ஒரு எண் மாறும்ணே. ரெண்டும் மாறாது."

பிரோஷ்கா பெய்க்லியைத் துண்டு போட்டுக்கொண்டே, "யாரு, ஸோம்போரா? என்ன சொல்றான்?" என்றாள்.

"வாழ்த்து சொல்றான்" என்றேன்.