கெட்டிக் காபியும் ஒரே ஸ்பூனும்

அன்பும் அறிவும் (இரண்டாவது சற்றுக் குறைவாகவே) நிறைந்த அக்காவுக்கு,

இதனால் சகலமானவர்களுக்கும், குறிப்பாகக் கடல் தாண்டி வேதியியல் படித்துக்கொண்டிருக்கும் உனக்கும் அறிவிப்பது என்னவென்றால், உன் தம்பியின் மேலுதட்டில் மீசை முளைத்துவிட்டது. இடப்பக்கம் மூன்று முடி, வலப்பக்கம் இரண்டு. பார்ப்பதற்கு மைக்ராஸ்கோப் வேண்டும் என்று அம்மா பரப்பும் வதந்தியை யாரும் நம்ப வேண்டாம்.

இரண்டாவது செய்தி இவ்வளவு முக்கியமில்லை. அப்பாவின் மூக்குக் குழாயை நேற்று எடுத்துவிட்டார்கள்.

அம்மா போனில் சொல்லிவிட்டாள் என்பது தெரியும். பாதி நேரம் அவள் அழுதாள், மீதி நேரம் நீ அழுதாய். நடந்தது என்ன என்று இரண்டு பேரும் பேசவே இல்லை. ஆகவே இந்தக் குடும்பத்தில் அழாத ஒரே ஆளான நான் பேனாவை எடுத்திருக்கிறேன்.

பக்கவாதம் அப்பாவின் கையையும் காலையும் லேசாக மிரட்டிவிட்டு, தொண்டையைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. ஒரு வாய் தண்ணீர் குடித்தால் அது வயிற்றுக்குப் போகாமல் நுரையீரலுக்கு வழி கேட்கிறது. அதனால்தான் சாப்பாட்டுக்கு அந்த மூக்குக் குழாய். லிஃப்ட் மெக்கானிக் இல்லையா, அப்பாவே கரகரத்த குரலில் அதைச் சொன்னார்: "லிஃப்ட் நல்லாத்தான் ஓடுது. தப்பான மாடியில போய் நிக்குது." நான் அவருக்கு யானை என்று பேர் வைத்தேன். குழாய் ஆட ஆடச் சிரித்தார். சிரித்ததும் இருமினார். அதற்குப் பிறகு அம்மா எனக்குச் சிரிப்புத் தடை போட்டாள்.

விழுங்குவதற்குப் பயிற்சி கொடுக்கிற டாக்டர் அம்மா ஒருவர் வீட்டுக்கு வருவார். நான் அவரை விழுங்கு டாக்டர் என்பேன், அவர் இல்லாதபோது. தண்ணீர் வேகமாக ஓடுவதால்தான் வழி தவறுகிறது, தேன் மாதிரிக் கெட்டியாக்கிக் கொடுத்தால் தொண்டைக்குக் கதவைச் சாத்த நேரம் கிடைக்கும் என்றார். கேட்டதும் அம்மாவின் கண் பளபளத்தது. பழச்சாறு, சூப், சாஸ் எதையும் எவ்வளவு கெட்டியாக்குவது என்பதுதானே அவள் ஆய்வகத்தில் காலை முதல் மாலை வரை வேலை! மறுநாளே ஒரு மாவுப் பொடியோடு வந்தாள். காபியில் கலக்கினால் அது ஸ்பூனை விட்டு இறங்க யோசிக்கும். அப்பா ஒரு வாய் வைத்துவிட்டு, "இது காபியா, போஸ்டர் ஒட்டுற பசையா?" என்றார். ஆனாலும் வாயைத் திறந்து அடுத்த ஸ்பூனுக்குக் காத்திருந்தார்.

இங்கேதான் சிக்கல். கப்பின் முதல் பாதி அழகாக இறங்கும். இரண்டாம் பாதியில் இருமல் வந்துவிடும். தினமும் அப்படியே. தொண்டை சோர்ந்துபோகிறது என்றார் விழுங்கு டாக்டர். எக்ஸ்ரே பரிசோதனையிலும் இப்படியே இருமினால், மூக்குக் குழாயை எடுத்துவிட்டு வயிற்றிலேயே துளை போட்டுக் குழாய் வைக்க வேண்டியிருக்கும், வெகு நாளைக்கு, என்று வராந்தாவில் வைத்து அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார். நான் செருப்பைத் தேடுகிற மாதிரி நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டேன். அன்றிலிருந்து அப்பா காபி கேட்பதை நிறுத்திவிட்டார். அவருக்கும் காது நன்றாகத்தான் கேட்கிறது.

இந்த இடத்தில் விஞ்ஞானி நுழைகிறார். அதாவது நான். அம்மா பொடியின் அளவை மாற்றி மாற்றிச் செய்து, கப்புகளை ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு வேலைக்குப் போவாள். மாம்பழச் சாறு கலந்த கப் எனக்கு மிகவும் பிடித்துப்போனது. பள்ளிவிட்டு வந்து ஒரு ஸ்பூன். பாடம் படித்த களைப்புக்கு ஒரு ஸ்பூன். பாடம் படிக்காத வருத்தத்துக்கு ஒரு ஸ்பூன். சாயங்காலம் அம்மா திறந்து பார்த்தால் தேன் போய்த் தண்ணீர் நிற்கும். "குளிர் தாங்கல போல," என்று பொடியைக் கூட்டுவாள். மறுநாளும் தண்ணீர். ஒரு நாள் ஃபிரிட்ஜ் கதவைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு என் தொழிலே மறந்துபோச்சா?" என்று தனக்குத்தானே கேட்டாள். அதைக் கேட்டதும் என் வாயிலிருந்த ஸ்பூன் தானாகவே வெளியே வந்துவிட்டது.

திட்டுவாள் என்று காதைத் தயாராக வைத்திருந்தேன். அவள் ஸ்பூனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதே ஸ்பூன்லயா மறுபடி மறுபடி எடுத்த?"

"ஆமா."

"கழுவாம?"

"நக்கிட்டேம்மா. சுத்தமாத்தான் இருந்துச்சு."

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து ஒரே கலவையில் இரண்டு கப் செய்து, ஒன்றில் என்னைத் துப்பச் சொன்னாள். அக்கா, நம் அம்மா, சுத்தத்துக்குப் பிறந்தவள், என்னைக் கப்பில் துப்பச் சொன்னாள்! சொன்ன வேலையை மனப்பூர்வமாகச் செய்தேன். கொஞ்ச நேரத்தில் துப்பிய கப் ஓடியது, துப்பாத கப் அசையவில்லை. எச்சிலில் இருக்கிற நொதி மாவுச்சத்தை உடைத்துவிடுமாம். உனக்கு முதல் வருடப் பாடம். அம்மா அதைப் புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் வகுப்பே எடுத்திருக்கிறாள். ஆனால் அவள் ஆய்வகத்தில் ருசி பார்க்கிறவர்களுக்கு ஒரு வாய்க்கு ஒரு ஸ்பூன்தான், உடனே தூக்கிப் போட்டுவிட வேண்டும். அத்தனை வருடத்தில் ஒரு ஸ்பூன்கூட வாய்க்குப் போய்க் கப்புக்குத் திரும்பியதில்லை. வீட்டில் அப்பாவுக்கு ஊட்டியதோ ஒரே ஸ்பூனில். ஒவ்வொரு முறையும் எச்சில் கப்புக்குள் போய், இரண்டாம் பாதியை அவளே தண்ணீராக்கி ஊட்டியிருக்கிறாள். ஆராய்ச்சிக்காரி வீடாயிற்றே என்று, என்ன பொடி என விழுங்கு டாக்டரும் கேட்கவில்லை. "தொண்டை சோர்ந்துபோகல. நான்தான் கெடுத்தேன்," என்று அம்மா அவரிடம் போனில் சொன்னபோது குரல் ஒரு மாதிரி இருந்தது.

அடுத்து எச்சிலுக்கு மசியாத வேறொரு பசைப் பொடி வந்தது. விழுங்கு டாக்டரும் சரி பார்த்தார். அன்று அப்பா கப்பைக் காலி செய்தார், இருமலே இல்லை. கெட்டியைக் கெடுத்த கெட்டிக்காரன் என்று எனக்குப் பட்டம் கொடுத்தார்.

நேற்று ஆஸ்பத்திரியில் பரிசோதனை. எக்ஸ்ரேயில் தெரிகிற மருந்தைக் காபியில் கலந்துவிட்டால் சினிமா மாதிரி ஓடும். அப்பாவின் மண்டை ஓடு காபி குடிக்கிற காட்சியை நீ பார்த்திருக்க வேண்டும்! கறுப்பாய் ஒரு துளி நாக்கில் உருண்டு, தொண்டை முனையில் நின்று யோசித்து, காற்றுக்குழாயை எட்டிப் பார்த்து, கதவு சாத்தியிருப்பதைக் கண்டு, நல்ல பிள்ளையாக வயிற்றுப் பக்கம் திரும்பியது. நான் கையைக் கட்டிக்கொண்டு, கண் சிமிட்டாமல் நின்றேன். அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டாள். "பயப்படாதம்மா," என்றேன்.

இதுவரை எழுதியதைப் படித்துப் பார்த்தேன். மேலே உள்ள பத்தியை அடித்துவிடலாம் என்று நினைத்தேன். தாள் வீணாகும் என்று விட்டுவிட்டேன்.

அக்கா, நான் அந்த அறையில் இல்லை. அப்பாவை உள்ளே தள்ளிக்கொண்டு போனதும் மாடிப்படிக்கு ஓடிப்போய்க் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன், இருமல் கேட்டுவிடக் கூடாது என்று. துளி உருண்டதெல்லாம் அம்மா அப்புறம் சொன்னது. கடைசியில் அப்பாவே சக்கர நாற்காலியில் என்னைத் தேடி வந்தார். மூக்கில் குழாய் இல்லை, பிளாஸ்டர் ஒட்டியிருந்த அச்சு மட்டும் இருந்தது. "டேய், நான் குடிச்சிட்டேன். இனிமே நீ மூச்சு விடு," என்றார். அவர் சட்டை முழுவதும் நனைந்துபோனது. காபியால் இல்லை.

இந்த நேரத்தில் பக்கத்தில் இல்லையே என்று நீ சாப்பிடாமல் கிடப்பதாக அம்மா சொன்னாள். நான் பக்கத்து மாடிப்படியில்தான் இருந்தேன், அதுவும் தூரம்தான். அப்பாவுக்கு நம் இரண்டு பேர் மேலும் கோபமே இல்லை. ஒழுங்காகச் சாப்பிடு.

தண்ணீரைத் தண்ணீராகவே குடிக்க விடலாமா என்று பார்க்க, உன் விடுமுறை நேரத்தில் இன்னொரு பரிசோதனை இருக்கிறது. வந்துவிடு, அக்கா. மறுபடியும் அந்த மாடிப்படியில் தனியாக உட்கார எனக்குப் பயமாக இருக்கிறது.

உன் தம்பி