ஒரே டிக்கெட்டில் மூன்று லாபம்

அன்புள்ள மகனுக்கு அப்பா எழுதுவது. நீயும் மருமகளும் வாண்டும் நோய் நொடியில்லாமல் இருக்க வேண்டும். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், பின்னால் வருவதைப் படித்துவிட்டு, அப்பா நம் நலத்தைக்கூட விசாரிக்கவில்லை என்று நீ நினைக்கக் கூடாது. எனக்கு ஒரு குறைச்சலும் இல்லை. பஸ் ஓட்டியது போதும் என்று வீட்டுக்கு அனுப்பினாலும் வண்டி என்னை விடவில்லை, காலையில் பள்ளிக்கூட வேனில் பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்து படுத்தால் இடுப்பு எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. சமையல் கைக்கு வந்துவிட்டது, வாய்க்குத்தான் இன்னும் வரவில்லை. கீழ்வீட்டுத் தையல்காரம்மா அவ்வப்போது ஏதாவது கொண்டுவந்து வைத்துவிட்டு, "பாத்திரத்தைக் கழுவாமலே குடுங்கண்ணே, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போகிறாள். என் கழுவும் லட்சணம் அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

நீ போனில் அனுப்பிய செய்தியைப் படித்தேன். உன் கார்டில் புள்ளிகள் நிறையச் சேர்ந்திருக்கிறதாம், அதில் எனக்கு இலவசமாக விமான டிக்கெட் போட்டு அங்கேயே அழைத்துக்கொள்கிறாயாம், மாதக் கடைசிக்குள் எடுக்காவிட்டால் புள்ளிகள் வீணாகிவிடுமாம், அதனால் சீக்கிரம் சரி என்று சொல்ல வேண்டுமாம். போனில் பதில் சொன்னால் நடுவில் புகுந்து விளக்கம் கொடுப்பாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். அந்தப் புள்ளிகள் எப்போது, எதில் சேர்ந்தன என்று நீ மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை.

அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது டாக்டர் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, பார்க்க வேண்டியவர்களை வரச்சொல்லுங்கள் என்றார். அங்கே நின்றபடியே உனக்குப் போன் செய்தேன். உடனே கிளம்புகிறேன் என்றுதான் நீயும் சொன்னாய். மறுநாள் நீயே கூப்பிட்டாய். அவளும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டுக் கட்டிலில் வைத்தேன். வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுங்கப்பா என்றாய். விமானக் கம்பெனி அடுத்த டிக்கெட்டில் கழித்துக்கொள்ள மைல் கொடுக்கும், கார்டில் கட்டினால் பேங்க் புள்ளி கொடுக்கும், அதையே ஏதோ ஒரு இணையக் கடை வழியாக நுழைந்து வாங்கினால் அந்தக் கடையும் தனியாகக் கொடுக்கும், அதுவும் வெள்ளிக்கிழமை வாங்கினால் இரட்டிப்பாம். ஒரே டிக்கெட்டுல மூணும் சேரும்ப்பா என்றாய். நானும் ஆயுசு முழுக்க மைல் ஓட்டினவன்தான், மூலத்தைத் தவிர எனக்கு ஒன்றும் சேரவில்லை, அதனால் இந்தக் கணக்கெல்லாம் புரியாமல் சரி என்று போனை வைத்தேன்.

அம்மாவுக்கு மூச்சு வாங்கும் சத்தத்தில் பாதிதான் காதில் விழுந்திருக்கிறது. "மூணு பேரும் சேந்து வராங்களாமே, ஒரே டிக்கெட்டாமே" என்றாள். முகம் மலர்ந்துவிட்டது. ஊசி போட வந்த நர்ஸிடம், துடைக்க வந்த பெண்ணிடம், பக்கத்துக் கட்டில்காரியின் புருஷனிடம், எல்லோரிடமும் என் பையன் குடும்பத்தோட வரான் என்று சொல்லியாகிவிட்டது. பரணில் இருக்கும் சின்னத் தலையணையை எடுத்து உறை மாற்றச் சொன்னாள். வாண்டு தன்னைப் பார்த்துப் பயந்துவிடக் கூடாது என்று தலை வாரிவிடச் சொன்னாள். ஸ்டியரிங் பிடித்த கை, சிக்கெடுக்கத் தெரியாமல் இழுத்துத் தொலைத்தேன், அதற்குக்கூட அவள் திட்டவில்லை. அது மைல் கணக்கம்மா, ஆட்கள் இல்லை என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்டால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

நீ வானத்தில் இருந்தபோது அவள் போய்விட்டாள். உனக்காக உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தாள் என்றெல்லாம் நான் கதை கட்ட மாட்டேன். கதவு திறக்கும்போதெல்லாம் திரும்பிப் பார்த்தாள், அவ்வளவுதான். வந்த அன்றைக்கு, டாக்டர் தேதி சொல்லலியேப்பா என்று நீ அழுதாய். நானும் உன்னைக் கட்டிக்கொண்டு அழுதேன். அதோடு போயிருந்தால் நான் ஆறியிருப்பேன். ஆனால் இரண்டு நாள் கழித்து மாடிப்படியில் உன் மாமா பையனுக்கு அதே கணக்கை உற்சாகமாகச் சொல்லிக்கொடுத்தாயே, அவன் போனை வாங்கி எந்த இடத்தில் அழுத்த வேண்டும் என்று காட்டினாயே, உங்கள் இருவருக்கும் டீ எடுத்துக்கொண்டு நான் கீழ்ப்படியில் நின்றேன். இரண்டு டம்ளரையும் திருப்பிக் கொண்டுபோய்க் கொட்டினேன். நல்லது கெட்டது தெரியாத பிள்ளையாக உன்னை நாங்கள் வளர்க்கவில்லை என்று நினைத்திருந்தேன். மருமகளைக் குறை சொல்ல மாட்டேன். இன்னைக்கே கிளம்புங்கன்னு அன்னைக்கே சொன்னேன் மாமா என்று அவள் போனில் அழுதாள். நீதான் கேட்கவில்லை.

நான் வரவில்லை. வீம்பு என்று நினைத்துக்கொள், பரவாயில்லை. அம்மா கதவைப் பார்த்துக்கொண்டு கிடந்த நாட்களில் சேர்ந்த புள்ளியில் என்னால் ஏறி உட்கார முடியாது, சீட்டு உறுத்தும். அது வீணாகிறது என்றால் வீணாகட்டும். என்னைத் தனியாக விட்டுவிட்டோமே என்று கவலைப்படாதே, வேனில் வரும் பிள்ளைகள் போடுகிற கூச்சலே எனக்குப் போதும்.

வாண்டுக்குக் குளிரில் காது மூடித் தொப்பி போட்டுவிடு, சளி பிடிக்கும் உடம்பு. மருமகளிடம் சத்தம் போடாதே. மூன்று பேரும் நன்றாக இருங்கள், என் ஆசீர்வாதம் குறையாது, கோபம் வேறு, அது வேறு. ஒன்றை மட்டும் மறக்காதே. எனக்கு முடியவில்லை என்று தையல்காரம்மா என்றைக்காவது போன் செய்தால், கிடைக்கிற முதல் விமானத்தில் ஏறு. அது முடியாதென்றால் அவசரப்படாதே. எல்லாச் சலுகையும் பார்த்துச் சாவகாசமாக வா, அப்போது கதவைத் திரும்பிப் பார்க்க இங்கே ஆள் இருக்காது.

இப்படிக்கு,
உன் அப்பா