பட்டறைக்கு ஒயர் இழுத்தது யார்

பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் எந்நேரமும் எங்கள் நினைப்பு. உடம்புக்கு என்று ஏன் தனியாக எழுதினேன் என்பது உனக்கே தெரியும், அதற்கு வருகிறேன். அம்மாவின் முழங்கால் வலி இப்போது தேவலை, மாடிப்படி ஏறாதீர்கள் என்று டாக்டர் சொன்னதை மட்டும் கேட்பதாக இல்லை, மாடியில் வற்றல் காயப்போட வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்று என்னைப் பார்த்தே கேட்கிறாள், நான் ஒருவன் குத்துக்கல் மாதிரி எதிரில் நிற்பது அவள் கண்ணில் படுவதில்லை. எதிர்வீட்டு டீச்சர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார், இப்போது தெருவில் போகிறவர் வருகிறவருக்கெல்லாம் பாடம் எடுக்கிறார். சமையலறைக் குழாய் ஒழுகிக்கொண்டே இருந்தது, வாஷர் மாற்றினேன், நின்றுவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும் உன் அம்மா, “குழாய்க் கதையெல்லாம் அவளுக்கு நான் போன்லயே சொல்லிட்டேன், நீங்க எழுத வேண்டியதை எழுதுங்க” என்கிறாள். எழுதுகிறேன். பேனாவைத் திறந்து மூடித் திறந்து மூடி இதுவரைக்கும் வந்திருக்கிறேன், பொறுத்துக்கொள்.

பட்டறைக்கு நெட் வந்த கதை உனக்குத் தெரியாததா, ஆனால் என் வாயால் ஒருமுறை முழுசாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வீட்டுக்குள் எந்த மூலையில் உட்கார்ந்தாலும் நெட் வரும், பின்பக்கக் கதவைத் தாண்டித் துணிக்கொடி வரை வரும், பட்டறைக்குள் காலை வைத்தால் செத்துவிடும், நாலு பக்கமும் மேலேயும் தகரம் என்றால் வேறென்ன ஆகும். இப்போதெல்லாம் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வருவதற்கு முன்னால் அதன் மேலிருக்கும் தகட்டைப் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டு, எரிந்த காயிலைக் கழற்றிப் புதுச் செம்புக் கம்பி சுற்றிக் கட்ட எவ்வளவு நாளாகும் என்று கேட்கிறார்கள். அதைப் பார்க்க, காயிலுக்குப் பூசுகிற வார்னிஷ் கையோடு சமையலறை ஜன்னலுக்கு ஓடுவேன், சுவரெல்லாம் என் கைரேகை என்று உன் அம்மா கத்துவாள். சிக்னலை இழுத்துக் கொடுக்கும் என்று ஒரு பெட்டியை வாங்கி அந்த ஜன்னலில் மாட்டினேன், கொடியில் காய்கிற துணிக்கு நன்றாக நெட் கிடைத்தது, எனக்குக் கிடைக்கவில்லை. சரி, ஆயுசு முழுக்கச் செம்புக் கம்பியோடு மல்லுக்கட்டினவன், ஒரு ஒயர் இழுக்கத் தெரியாதா என்று நானே இறங்கினேன். வீட்டில் கிடந்த துண்டு துண்டான நெட் ஒயர்களை ஒன்றோடொன்று முறுக்கி, டேப் சுற்றி, மோட்டார் ஓட்டிப் பார்க்கிற மேசைக்குப் போகும் கரண்ட் லைனோடு சேர்த்துக் கட்டி இழுத்தேன். அது வருவது போல வரும், மோட்டார் சுவிட்சைத் தட்டினால் போய்விடும். கம்பெனிக்காரனைத் திட்டினேன், பெட்டியைத் திட்டினேன், அந்தப் பக்கம் வந்த பூனையைக்கூடத் திட்டினேன்.

நீ லீவில் வந்தாய். நான் போட்ட முடிச்சுகளைப் பார்த்தாய், சிரிக்கவில்லை, அதுதான் எனக்கு இன்னும் சுருக்கென்று இருந்தது. “அப்பா, இது கரண்ட் ஒயர் மாதிரி இல்லப்பா, நடுவுல முறுக்கி ஒட்டுப் போட்டா சரியா போகாது, ஒரே நீளமா இருக்கணும், கரண்ட் லைனை விட்டுத் தள்ளி வரணும்” என்று மெதுவாகத்தான் சொன்னாய். என் பழைய காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு, மண்வெட்டியை எடுத்து, சுவரோரமாகப் பள்ளம் வெட்டினாய், குழாய் புதைத்தாய், அதற்குள் ஒயரை விட்டாய், ஒயரின் நுனியில் இருக்கிற மயிரிழை போன்ற கம்பிகளை நிறம் பார்த்து வரிசைப்படுத்திச் சின்னப் பிளாஸ்டிக் தலைக்குள் நுழைத்து அழுத்தினாய், பட்டறைக்குள் இன்னொரு பெட்டியை மாட்டினாய். நான் என்ன செய்தேன் என்றால், குழாயின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, கிணறு வெட்டப் போகிறாயா என்று நக்கல் அடித்தேன். பிடித்ததையும் ஒழுங்காகப் பிடிக்கவில்லை, இரண்டு தடவை கையை விட்டேன். வேலை முடிந்ததும் வீம்புக்குப் பட்டறையில் இருந்த மோட்டார்களை எல்லாம் ஒன்றாக ஓடவிட்டேன். நெட் ஒரு சிமிட்டு சிமிட்டவில்லை. நீ சந்தோஷத்தில் குதித்தாய். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது பாப்பா. வெட்கம்கெட்ட மனசு, அது அணையும் என்று எதிர்பார்த்திருக்கிறது.

நீ திரும்பிப் போன பிறகு தினமும் நான் டீ குடிக்கிற நேரத்துக்குப் பட்டறை போனுக்கு வீடியோவில் கூப்பிடுவாய், அங்கே உனக்குக் காலைச் சாப்பாட்டு நேரம். வார்னிஷ் டப்பாவில் போனைச் சாய்த்து வைப்பேன், நீ பாட்டுக்குச் சாப்பிடுவாய், நான் பாட்டுக்குக் காயில் சுற்றுவேன், பெரிதாக ஒன்றும் பேசிக்கொள்ள மாட்டோம், ஆனால் என் நாளிலேயே நல்ல நேரம் அதுதான். அன்றைக்கும் அப்படி இருக்கும்போதுதான் பம்புக் கடைக்காரர் உள்ளே வந்தார், அவரைத்தான் உனக்குத் தெரியுமே, நம் பட்டறைக்கு வருகிற மோட்டாரில் பாதி அவர் அனுப்புவது. சரி பாப்பா என்று சொல்லிவிட்டுப் போனை மேசையில் மல்லாக்கப் போட்டேன். முன்பெல்லாம் பட்டறைக்குள் போன் தானாகவே அறுந்துபோகும், சிவப்புப் பட்டனை அமுக்குகிற பழக்கமே எனக்கு இல்லாமல் போய்விட்டது. நீ இழுத்த ஒயர் அறுந்துபோகிற ஒயர் இல்லை என்பதை யோசிக்கவில்லை. உனக்குக் கூரைத் தகரம்தான் தெரிந்திருக்கும், பேச்சு முழுசாகக் கேட்டிருக்கும்.

அவர் சுவரில் இருந்த பெட்டியையும் குழாயையும் குனிந்து நிமிர்ந்து பார்த்தார். “யாரு செஞ்சது இது, இவ்வளவு நேர்த்தியா இருக்கே, என் கிடங்குக்கும் இப்படித்தான் வேணும்” என்றார். நான்தான் என்று சொல்லிவிட்டேன். அத்தோடு வாயை மூடியிருக்கலாம். “உங்க பொண்ணு இந்த வேலையிலதானே இருக்கு, அது வந்தப்ப செஞ்சுதோன்னு நெனச்சேன்” என்றார் அவர். அதற்கு நான் சொன்னதை நீ கேட்டாய், இருந்தாலும் எழுதுகிறேன், ஒன்றையும் விடக்கூடாது என்பது உன் அம்மாவின் உத்தரவு. “அவளா? அவ ஏசி ரூம்ல உக்காந்து பட்டன் தட்டுற ஆளு, ஸ்க்ரூடிரைவரை எந்தப் பக்கம் பிடிக்கணும்னுகூடத் தெரியாது, பக்கத்துல நின்னு வேடிக்கை பார்த்தா” என்றேன். அவர் சிரித்தார், அந்தச் சிரிப்பு எனக்கு ஏறிவிட்டது, மேலே ஒன்று போட்டேன். “என்ன இருந்து என்ன, ஒரு பையன் பொறந்திருந்தா இந்தப் பட்டறையில என்கூட நின்னிருப்பான்” என்றேன்.

அவர் போன பிறகு போனை எடுத்தேன். படத்தில் நீ இருந்தாய். தட்டில் சாப்பாடு அப்படியே இருந்தது, நீ என்னைப் பார்க்கவில்லை, பக்கத்தில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாய். “அப்பா, ரொம்ப நேரமா ஓடிட்டு இருக்கு, சார்ஜ் போயிருக்கும், சொருகி வைங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். என் முகத்தில் ஈ ஆடவில்லை. அன்றிலிருந்து நீ பட்டறை போனுக்குக் கூப்பிடுவதில்லை, அம்மாவிடம்தான் பேசுகிறாய், அப்பா சாப்பிட்டாரா, மாத்திரை போட்டாரா என்று மறக்காமல் விசாரிக்கிறாய், என்னைக் கூப்பிடச் சொல்வதில்லை. டீ ஆறிப்போகிறது, போன் மேசையில் சும்மா கிடக்கிறது. நீ என்னோடு பேசாமலேயே பழகிவிடுவாயோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது பாப்பா. வேறு எதற்கும் நான் இப்படிப் பயந்ததில்லை.

என்ன சண்டை உங்களுக்குள் என்று உன் அம்மா குடைந்து குடைந்து கேட்டாள், நான் மென்று விழுங்கினேன், கடைசியில் கக்கிவிட்டேன். அவள் கத்துவாள் என்று நினைத்தேன். “புள்ளையைப் பெத்தது நான், குறை இருந்தா என்கிட்டல்ல சொல்லியிருக்கணும், பம்புக் கடைக்காரர்கிட்டயா சொல்லுவீங்க” என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள். இதற்கு நடுவில் பம்புக் கடைக்காரர் தன் கிடங்குக்கு ஒயர் வாங்கி வைத்துவிட்டு ஆள் மேல் ஆள் அனுப்பினார். போனேன். போகாமல் தப்பிக்கலாம் என்றும், ஒருவேளை செய்து பார்த்தால் வந்துவிடும் என்றும் இரண்டு விதமாகவும் நினைத்தேன், அதையும் உன்னிடம் மறைக்கவில்லை. அங்கே ஒயர்ச் சுருளை என் முன்னால் வைத்துவிட்டு எல்லோரும் சுற்றி நின்றார்கள். நுனியைச் சீவினேன், அந்தக் கலர் கம்பிகள் பல்லை இளித்தன, எது முன்னால் எது பின்னால் என்று ஒரு எழவும் தெரியவில்லை. கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன், இது எனக்குத் தெரியாத வேலை, என் பட்டறையில் செய்தது என் பெண், பள்ளம் வெட்டினதிலிருந்து எல்லாம் அவள்தான், நான் சொன்னது பச்சைப் பொய் என்றேன். கடைக்காரர், “பொண்ணு செஞ்சதுன்னு சொல்லியிருந்தா நான் என்ன கடிச்சா தின்னிருப்பேன்?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தார், அவருக்கு அது அவ்வளவுதான். ஆனால் கணக்கு எழுதுகிற அம்மா ஒருத்தர் அங்கே உண்டு, அவர் மட்டும், “நீங்க சொன்னது அந்தப் பொண்ணு காதுக்குப் போச்சா?” என்று கேட்டார். போயிற்று என்றேன். அவர் திரும்பிப் போய்த் தன் வேலையைப் பார்த்தார். அந்த அம்மாவின் முகத்தில் முழிக்க எனக்கு இன்னும் கூசுகிறது.

வாய் தவறி வந்துவிட்டது என்றுதான் உனக்கு எழுத நினைத்திருந்தேன். அது பொய் பாப்பா, வாய் தவறவில்லை. என் தொழிலில் எனக்குத் தெரியாத ஒன்றை நீ என் முன்னாலேயே செய்து காட்டியது எனக்குப் பொறுக்கவில்லை. சொன்னதெல்லாம் அந்தப் பொறாமைதான், பெற்ற பெண்மேலேயே பொறாமைப்பட்டிருக்கிறேன், எழுதும்போதே உடம்பு குறுகுகிறது. பையன் என்று சொன்னதற்கு அந்தச் சாக்குகூட இல்லை. கிழட்டுப் புத்தி, ஊரில் பேசுகிற பேச்சு எனக்குள்ளும் எங்கோ கிடந்திருக்கிறது, என் பெண் விஷயத்தில் அப்படியெல்லாம் எனக்கு இல்லை என்று இத்தனை நாள் நானே நம்பிக்கொண்டிருந்தேன். பட்டறையில் என்கூட நின்றது யார்? நீதானே நின்றாய், அதுவும் எனக்காகப் பள்ளம் வெட்டிக்கொண்டு நின்றாய். இல்லாத பையனை நினைத்து இருக்கிற உன்னைப் பேசிவிட்டேன்.

அங்கே குளிர் அதிகம் என்று அம்மா சொன்னாள், ஹீட்டரையும் இஸ்திரிப் பெட்டியையும் ஒரே பிளக்கில் சொருகாதே, அந்த ஊர் ஒயரானாலும் சூடு சூடுதான். மாப்பிள்ளையிடம் இந்தக் கடிதத்தைக் காட்டுவதா வேண்டாமா என்பது உன் இஷ்டம், காட்டினாலும் எனக்கு வருத்தமில்லை. நீ எல்லாச் சுகத்தோடும் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், கை வைத்த வேலையெல்லாம் உனக்குத் துலங்க வேண்டும், இதைச் சொல்கிற யோக்கியதை எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை, இருந்தாலும் அப்பன் வாய் சொல்லாமல் இருக்காது. ஒன்றே ஒன்று கேட்கிறேன். பட்டறை போனுக்கு ஒருதடவை கூப்பிடு. உன் குணம் எனக்குத் தெரியும், பரவாயில்லப்பா விடுங்க என்று சொல்லி முடித்துவிடுவாய், சொல்லிவிட்டு அந்தப் பக்கம் மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டு தனியாக அழுவாய். பரவாயில்லை என்று மட்டும் சொல்லாதே, அப்படி விட்டுவிடுகிற பேச்சில்லை அது. நறுக்கென்று நாலு கேள்வி கேள், கேட்க வேண்டியதையெல்லாம் கேள், பம்புக் கடைக்காரர் எதிரில் உட்கார்ந்திருந்தாலும் சரி, நான் சத்தத்தைக் குறைக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன் திட்டுக்குக் காத்திருக்கும்
அப்பா