பத்து முப்பத்து நான்கு

2058 மே 6, திங்கள். 08:30
உலர் 36.4. ஈரம் 30.9. காற்று தென்மேற்கு, மெல்லியது. வானம் தெளிவு. கருவிகள் சரி. நிலையத்தில் இருப்போர்: 2.

மாவிலங்கேந்தல் கடலோர வானிலை நிலையம். பதிபவர் நாகஜோதி, தலைமைக் கண்காணிப்பாளர். தலைமையும் கடைநிலையும் நான் ஒருத்திதான். நிலையம் என்று பெரிதாக நினைத்துவிட வேண்டாம். என் வீட்டு முற்றத்தில் ஒரு வெள்ளைப் பெட்டி, அதற்குள் இரண்டு வெப்பமானி. ஒன்று வெறுமனே இருக்கும், அது உலர்; இன்னொன்றில் ஈரத்துணி சுற்றியிருக்கும், அது ஈரம். எண்களைக் கைப்பேசிப் படிவத்தில் அனுப்பிவிட்டு, இந்தப் புத்தகத்திலும் எழுதிக்கொள்வேன். இதைப் படிக்கப் போகிறவர் யாரென்று தெரியாததால் ஒருமுறை விளக்கிவிடுகிறேன். ஈரத்துணி சுற்றியது முப்பத்தைந்தைத் தொட்டால் மனிதருக்கு வியர்வை காயாது. உடம்பின் சூடு உடம்பிலேயே தங்கிவிடும். நல்ல திடமான ஆள் என்றால் ஆறு மணி நேரம் தாங்குவார்.

குறிப்புரை: ஊரை மலை முகாமுக்கு ஏற்றிப்போக நேற்று ஆளில்லாப் பேருந்து வந்தது. எங்கள் சனங்கள் சும்மா ஏறுவார்களா? அதன் நெற்றியில் இருந்த கேமராக் கண்ணில் சந்தனம் குழைத்து அப்பி, நடுவில் குங்குமம் வைத்தார்கள். கண் தெரியாத பேருந்து நாற்பது நிமிடம் அசையவில்லை. நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். துடைத்துவிட்டதும் நான்தான்.

துடைத்தது தப்பு. என் கணவர் பூமிநாதனுக்கு இரண்டு வருடமாகப் பக்கவாதம், இடது பக்கம் விழுந்துவிட்டது. அவரைத் தூக்கி இருக்கையில் வைத்ததும் சரிந்தார். பேருந்து சொன்னது: "தாமாக அமர இயலாதவருக்கு இந்த ஊர்தியில் இடமில்லை. தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி." மூன்று முறை ஏற்றினேன். மூன்று முறையும் நன்றி சொன்னது. நாங்கள் இறங்கிக்கொண்டோம்.

மே 7, செவ்வாய். 10:00
உலர் 37.0. ஈரம் 31.2. இருப்போர்: 2.

முகாமுக்கு விண்ணப்பம் அனுப்பினேன். பதில்: "தங்கள் பதிவு பெறப்பட்டது. வரிசை எண் 40,116." சந்தோஷம்.

கொட்டகையில் அவருடைய பிக்கப் நிற்கிறது. 2009ஆம் வருடத்து டீசல் வண்டி. மீன்பிடித் துறைக்கு ஐஸ் ஏற்றி ஏற்றித் தளமெல்லாம் உப்பில் அரித்துப் போயிருக்கிறது. ஒன்பது வருடமாக நகரவில்லை. ஆனால் அதில் கணினி கிடையாது, உனக்கு உட்காரத் தெரியுமா என்று யாரையும் கேட்காது. மானாமதுரை தாண்டிவிட்டால் காற்று காய்ந்துவிடும், பிழைத்துக்கொள்ளலாம். முக்கால் மணி நேர ஓட்டம்தான்.

அவருக்கு வண்டி தெரியும், கை வராது. எனக்குக் கை இருக்கிறது, ஸ்பேனர் எந்தப் பக்கம் பிடிப்பதென்றுகூடத் தெரியாது. அவர் ஏசி அறையில் கட்டிலில். நான் கொட்டகையில். நடுவில் படகுக்காரர்கள் விட்டுப்போன இரண்டு வாக்கி டாக்கி. பழுதுபார்ப்பு ஆரம்பம்.

"ஏ சோதி, மொதல்ல ஏர் பில்டரக் கழட்டு. எலி குடும்பம் நடத்தியிருக்கும், ஓவர்."

"ஆமாங்க. எட்டுக் குஞ்சு இருக்கு."

"ஒன்பது வருச வாடக கேட்டியா?"

மே 11, சனி. 16:00
உலர் 38.8. ஈரம் 31.9. இருப்போர்: 2.

காலையில் மின்சாரம் போனது. இனி வராது என்று நினைக்கிறேன். கூரையில் இருக்கும் சூரியத் தகடும் ஒரே ஒரு இன்வெர்ட்டர் பேட்டரியும்தான் அறையின் ஏசியை ஓட்டுகின்றன. அதைவிட்டால் அவருக்கு மூச்சு இல்லை.

கிளட்ச் தகடு துருவில் ஒட்டிக்கொண்டது. கழற்ற இரண்டு நாள். கை நகம் ஒன்று போனது. படகுக் கொட்டகையிலிருந்து இரண்டு கேன் டீசல் உருட்டி வந்தேன். அறுபத்து மூன்று வயதில் இது தேவையா என்று அவரிடம் கத்தினேன்.

"கத்து, கத்து. வண்டிக்காரன் பொண்டாட்டி இப்பத்தான் ஆயிருக்க" என்றார்.

மே 15, புதன். 10:00
உலர் 39.1. ஈரம் 32.4. இருப்போர்: 2.

ரேடியேட்டரில் ஒழுக்கு. பற்றவைக்க ஆளில்லை.

"அடுக்களையில மஞ்சத்தூள் இருக்கா? ரெண்டு கரண்டி தண்ணில கலக்கி ஊத்து."

"சாம்பாரா வைக்கிறேன்?"

"ஊத்துத்தா. அப்புறம் பேசு."

ஊற்றினேன். ஒரு மணி நேரத்தில் ஒழுக்கு நின்றது. தூள் ஓட்டையில் போய் அடைத்துக்கொள்கிறதாம். முப்பத்தைந்து வருடம் அறிவியல் படித்தவள் ரேடியேட்டர் முன்னால் வாயைப் பிளந்து நின்றேன். டீசல் குழாய்க்குள் காற்று புகுந்திருக்கும் என்றார், புகுந்திருந்தது. பிரேக் எண்ணெய் எங்கே கசியும் என்றார், அங்கேயே கசிந்தது. இதுவரை அவர் சொன்ன ஒன்றும் தப்பவில்லை. இதைப் பதிவில் ஏற்றக் காரணம் எதுவும் தெரியவில்லை, ஆனாலும் ஏற்றுகிறேன்.

மே 20, திங்கள். 10:00
உலர் 39.6. ஈரம் 33.0. இருப்போர்: 2.

பேட்டரிதான் சிக்கல். வண்டியின் பழைய பேட்டரி செத்துப்போனது. தள்ளி ஓட்ட ஆளில்லை, தரையும் மணல். இன்வெர்ட்டர் பேட்டரியைக் கழற்றித்தான் வண்டியில் மாட்ட வேண்டும். கழற்றிய நிமிடம் ஏசி நிற்கும். ஆகவே சோதனை ஓட்டம் கிடையாது. எல்லா வேலையும் முடிய வேண்டும், பேட்டரி மாற வேண்டும், அவரை ஏற்ற வேண்டும், உடனே கிளம்ப வேண்டும்.

பிரேக் வேலைக்கு இன்னும் மூன்று நாள் பிடிக்கும்.

மே 23, வியாழன். 16:00
உலர் 40.0. ஈரம் 33.7. இருப்போர்: 2.

என் முன்னறிவிப்பு: நாளை ஈரம் 35ஐத் தொடும். பிற்பகல் ஒன்றரை மணிக்கு, கடல்காற்று உள்ளே வரும்போது. இந்தக் கரையில் கடல்காற்று வரும் நேரத்தை நான் இருபத்தாறு வருடமாகக் குறித்துவருகிறேன். அரை மணி முன்பின் போனதில்லை.

பிரேக் நாளைக் காலை முடிந்துவிடும். பத்தரைக்குள் கிளம்பிவிடலாம்.

மே 24, வெள்ளி. 10:00
உலர் 39.2. ஈரம் 33.6. காற்று இல்லை. இருப்போர்: 2.

பிரேக் முடிந்தது. பிடிக்கிறது. இந்தப் பதிவை முடித்ததும் பேட்டரியைக் கழற்றுகிறேன். பார்வையிட்டு எழுத வழக்கம்போல ஆறு நிமிடம்.

10:40
பேட்டரி மாட்டியாயிற்று. அவரைக் கட்டிலோடு இழுத்து, பலகை வைத்துச் சரித்து, முன்சீட்டில் ஏற்றி, பெல்ட் போட்டு, சேலையால் நெஞ்சோடு ஒரு சுற்றுக் கட்டினேன். சாவியைப் போட்டபோது மணி 10:34.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார், வரும் ஒரே கையால்.

"மணி பத்தரை தாண்டிருச்சு. வெள்ளிக்கெழம. ராகுகாலம்."

"விளையாடுறீங்களா?"

"ஒன்பது வருசம் கழிச்சு மொதல் ஓட்டம். பன்னெண்டுக்கு எடுப்போம்."

நான் கோபப்பட்டேன், பேருந்துக் கேமராவின் குங்குமத்தைச் சொல்லிக்காட்டினேன். அவர் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்: "மாயழகு." அவருடைய தம்பி. இதே வண்டியை ஒரு வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு ஐஸ் பாரத்தோடு எடுத்தார். பாலத்தில் கவிழ்ந்தது. தம்பியைத் துணியில் சுற்றித்தான் கொண்டுவந்தார்கள். அன்றைக்கு ராகுகாலம் என்று அம்மா தடுத்ததும், இவர் கேட்காமல் தம்பியை அனுப்பியதும் எங்கள் வீட்டில் யாரும் வாய்திறந்து பேசாத விஷயம்.

ஒன்றரைக்குத்தான் 35 வரும். பன்னிரண்டுக்குக் கிளம்பினால் பன்னிரண்டே முக்காலுக்கு மானாமதுரை. நேரம் இருக்கிறது. சரி என்றேன். அவர் பஞ்சாங்கத்தை நான் நம்பவில்லை. என் கணக்கை நம்பினேன்.

பேட்டரியைத் திரும்ப அறைக்குள் மாட்டலாமா என்று கேட்டேன். "ஒன்றரை மணி நேரந்தானத்தா, விடு" என்றார். எனக்கும் இடுப்பு முறிந்துபோயிருந்தது. விட்டுவிட்டேன்.

11:08
உலர் 37.9. ஈரம் 34.5. காற்று தென்கிழக்கு.

உலர் இறங்குகிறது, ஈரம் ஏறுகிறது. கடல்காற்று. இரண்டரை மணி நேரம் முன்னால் வந்துவிட்டது. கடலே கொதித்துக் கிடக்கிறது, அதற்கு என் இருபத்தாறு வருடப் புத்தகத்தைப் படிக்கத் தெரியுமா?

வண்டியில் இருந்தவரிடம் வாக்கியில் சொன்னேன். இப்போதே எடுத்துவிடலாம் என்றேன். "இன்னும் அம்பது நிமிசம். நான் நல்லாத்தான் இருக்கேன். நீ போயி உன் பொட்டியப் பாரு" என்றார். குரலில் சிரிப்பு இருந்தது. கொட்டகைக்குப் போய் அவர் தலையில் ஈரத்துணி போட்டுவிட்டு வந்தேன்.

11:30
உலர் 37.6. ஈரம் 35.1.

முப்பத்தைந்து தாண்டிய முதல் பதிவு. மூன்று முறை படித்துச் சரிபார்த்தேன். பொட்டி கொட்டகையிலிருந்து நாற்பது அடி.

"என்னங்க, முப்பத்தஞ்சு தாண்டிருச்சு. நான் எடுக்கப்போறேன். ஓவர்."

"ம்."

"கேக்குதா?"

11:41
நாற்பது அடியை நடந்துவர நேரமானது, கால் இழுத்தது. அவருடைய தோல் காய்ந்து நெருப்பாக இருந்தது. வியர்வையே இல்லை. தண்ணீரை வாயில் விட்டேன், வெளியே வழிந்தது. சாவியைத் தொட்டேன். அவர் கண் திறந்தார், என்னைப் பார்க்கவில்லை, டாஷ்போர்டு கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பது வருடமாக நின்றுபோன கடிகாரம் அது. அதில் மணி ஆறே கால்.

நான் சாவியைத் திருப்பவில்லை. அவருக்குப் பிடிக்காதே என்று நினைத்தேன். அந்த நேரத்தில் அதைத்தான் நினைத்தேன். பாவி.

11:52
உலர் 37.5. ஈரம் 35.3. இருப்போர்: 1.

படிவத்தில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட முடியாது. விட்டால் பதிவு போகாது. போட்டேன்.

அந்தப் பத்து மணிப் பதிவை எழுதாமல் விட்டிருந்தால், ஆறு நிமிடம். 10:28க்குச் சாவி போட்டிருப்பேன். அவர் வாயே திறந்திருக்க மாட்டார். நாலு நிமிடத்துக்காக நான் அவரைத் திட்டினேன். என் ஆறு நிமிடத்தை அவர் கேட்கவே இல்லை.

12:00
சாவியைத் திருப்பினேன். ஒரே சாவியில் பிடித்துக்கொண்டது. ரேடியேட்டர் ஒழுகவில்லை. பிரேக் பிடிக்கிறது. ஐடிலிங் சீராக இருக்கிறது. வண்டியில் எந்தக் குறையும் இல்லை, பூமிநாதன் சொன்னபடியே.

12:04
முகாமிலிருந்து செய்தி, தானாகவே:

"மாவிலங்கேந்தல் நிலையம். தங்கள் புதிய பதிவின்படி விண்ணப்பம் மறுபரிசீலனை செய்யப்பட்டது. இருப்போர்: 1. தாமாக அமரக்கூடியவர். வரிசை எண் 3. ஊர்தி 14:30க்கு வரும். தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி."

12:11
எனக்கும் வியர்வை நின்றுவிட்டது. எழுத்து ஓடுகிறது, பொறுத்துக்கொள்ளவும். புத்தகத்தைப் பொட்டியில் வைத்துவிட்டுப் போகிறேன். ஈரத்துணியை மாற்றிவிட்டேன், தண்ணீர் ஊற்றியிருக்கிறேன், நாளைக் காலை வரை அளவு படிக்கலாம். யாராவது வந்தால் 08:30க்குப் பாருங்கள். பார்க்காவிட்டாலும் ஒன்றுமில்லை.

மானாமதுரை வரை ஓட்டிப் பார்க்கிறேன். அந்தப் பேருந்து வழியில் எதிரே வந்தால் நிறுத்தி அதன் கண்ணுக்குக் காட்டப்போகிறேன். முன்சீட்டில் இருக்கிறார். யாரும் பிடிக்கவில்லை. சரியவே இல்லை. நேராக உட்கார்ந்

உட்கார்ந்திருக்கிறார். இருப்போர்: 2.