கடல் கொண்டுபோகாத பெயர்

மச்சான்,

பேனர் மையின் வாசனை இந்தக் கிழமை முழுக்க என் சட்டையை விட்டுப் போகவில்லை. யுத்தம் முடிந்துவிட்டதாம். கல்முனையில் இருக்கிற அரசியல்வாதிகள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது. நன்றிக்கு ஒரு சிரித்த முகம், பின்னால் கொடி, கீழே தங்கள் பெயர் தடித்த எழுத்தில். செய்து கொடுப்பவன் நான்தான். நேற்று அப்படியொரு முகத்தை வெள்ளையாக்கிக்கொண்டிருந்தபோது உன் அம்மா கடைக்குள் வந்தார். பெரியநீலாவணையிலிருந்து தனியாக பஸ்ஸில் வந்திருந்தார். கையில் உன் பாஸ்போட் படம். டை கட்டத் தெரியாத உனக்கு நான் கம்பியூட்டரில் டை கட்டிவிட்ட அதே படம்.

"தம்பி, காணாமப்போன ஆக்கள்ட பக்கத்தில இவனையும் போடுங்க" என்றார்.

அந்த இணையப் பக்கம் நாம் இருவரும் செய்தது.

சுனாமியாகக் கடல் வந்துபோன பிறகு கடைக்கு வந்த படங்களில் பாதி நனைந்தவை. கல்யாணப் படத்திலிருந்து ஒருத்தியை வெட்டி எடு, பள்ளிக்கூடப் படத்திலிருந்து ஒருவனை. நான் காணவில்லை என்று நோட்டீஸ் அடித்துக் கொடுப்பேன், மழை கிழித்துவிடும். பக்கத்து நெட் கபேயில் வேலை செய்த நீதான், "இத இன்டர்நெட்டில போடுவம் மச்சான், கட்டார்ல இருக்கிறவனும் பாப்பான்" என்றாய். வருஷக்கணக்காக டிசைன் செய்தவன் நான். ஒரு பக்கம் செய்வது பெரிய வேலையா? கறுப்புப் பின்னணி, முகத்தைச் சுற்றி மெல்லிய வெளிச்சம், அழகான எழுத்தில் பெயர். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு காட்டினேன். நீ, கடலோடு போன என் அக்காவின், என் ராத்தாவின், பெயரை அடித்துத் தேடினாய்.

திரையில் ராத்தா கண்ணுக்கு முன்னால் இருந்தா. கம்பியூட்டர் அப்படி ஒருவர் இல்லை என்றது.

"உன்ட பக்கத்துக்குக் கண் இருக்கு, காது இல்லடா" என்றாய். உன்னை அடிக்க வேண்டும் போலிருந்தது.

அச்சகத்துக்குக் கொடுக்குமுன் எழுத்தையெல்லாம் கேர்வ் பண்ணிவிடுவது எங்கள் தொழிலில், எதையும் தொடங்குமுன் பிஸ்மி சொல்வது போன்ற பழக்கம். எழுத்து வெறும் கோட்டுருவமாகிவிடும். இன்னொருவன் கம்பியூட்டரில் தமிழ் குழம்பாது. அந்தப் பழக்கத்தில் பெயர்களையும் படமாக்கி வைத்திருந்தேன். பார்க்கலாம், தேட முடியாது.

அதன் பிறகுதான் கோடிங் படிக்கத் தொடங்கினேன். படித்தேன் என்பதைவிட அதோடு சண்டை பிடித்தேன் என்பதே சரி. டிசைனில் பிழை கண்ணில் குத்தும். இங்கே ஓர் அரைப்புள்ளி விடுபட்டால் முழுப் பக்கமும் இறந்தவரைப் பொதியும் கபன் துணி மாதிரி வெள்ளையாகிவிடும். எங்கே பிழை என்று சொல்லவும் சொல்லாது. நான் மேசையில் குத்துவேன். "மௌஸ் பாவம்டா, அதுக்கும் உம்மா வாப்பா இருக்கு" என்பாய். நீயும் பெரிய கொம்பனில்லை. எனக்கு ஒரு பாடம் முன்னால் நின்றாய், அவ்வளவுதான். கடைசியில் ஒரு நாள் ராத்தாவின் பெயரை அடித்தபோது ராத்தா வந்தா. நீ எழும்பி பிளேன்டீ வாங்கப் போனாய்.

அந்த நாட்களில் எனக்குச் சம்பளம் தந்த வேலை என்ன தெரியுமா? கடலில் வீடிழந்தவர்களுக்கு வீடு கட்டிக் கொடுத்தவர்களின் பெயர்ப்பலகை. வீட்டில் தண்ணீர் வராது. பலகையில் நான்கு நிறம்.

பிறகு நீ ஹாட் டிஸ்க் வாங்க மட்டக்களப்புக்கு பஸ் ஏறினாய். திரும்பவில்லை. யார் கொண்டுபோனது என்று ஆளுக்கொரு கதை சொன்னார்கள். எவரும் சத்தமாகச் சொல்லவில்லை. என் முஸ்லிம் ஊரில், "அவனோட திரிஞ்சத வெளியில கதையாத" என்றார்கள். உன் தமிழ் ஊரில் என்னைக் கண்டதும் கதை நின்றது.

நேற்று உன் கோடிங்கைத் திறந்தேன். காணாமற்போன நாளையும் காரணத்தையும் நீ எல்லோருக்கும் பொதுவாக ஒரே இடத்தில்தான் எழுதி வைத்திருந்தாய். "எல்லாரும் போனது ஒரே நாள், ஒரே கடல். ஆளாளுக்கு ஏன் எழுதுவான்?" என்று அன்று சொன்னாய். அதற்கு மேலே எனக்கொரு குறிப்பு: இந்த வரியில கை வைக்காத மச்சான், எல்லாம் விழுந்திடும்.

உன் பெயரைச் சேர்த்தால் பக்கம் தானாகவே சொல்லும், அந்த ஞாயிற்றுக்கிழமை காலை உன்னைக் கடல் கொண்டுபோனதென்று.

கடை முதலாளி என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "அப்படியே விடு. கடலெண்டா ஒருத்தனும் கேக்கமாட்டான். வேற என்னத்தையும் போட்டியெண்டா கடைக்குப் பூட்டு விழும்." கெட்ட மனிதரில்லை. இந்த ஊரில் எல்லோரும் பயத்தை வைத்துத்தான் கடை நடத்துகிறார்கள்.

கடலென்றே விடவா என்று உன் அம்மாவிடம் கேட்டேன். முந்தானையால் படத்தைத் துடைத்தார்.

"கடல் வந்தண்டு இவன் என்னத் தூக்கிக்கொண்டு ஓடினவன் தம்பி. செய்யாததுக்குக் கடலுக்கு ஏன் பழி போடுவான்?"

நான் அந்த வரியில் கை வைத்தேன். நீ சொன்னபடியே எல்லாம் விழுந்தது. ராத்தா இல்லை, யாருமில்லை, வெறும் வெள்ளை. வெளியே பட்டாசு வெடித்தது. முதலாளி பேனர் எங்கே என்று கத்தினார். "பொறுங்க காக்கா" என்றேன், மூத்த அண்ணனிடம் சொல்வது போல. உன் அம்மா கதிரை நுனியில் அசையாமல் இருந்தார். அரைப்புள்ளியாக இருக்குமென்று தேடினேன். இந்த முறை ஓர் அடைப்புக்குறி. மூடினேன். எல்லோரும் திரும்பி வந்தார்கள், இப்போது ஆளுக்கொரு நாளோடு. ராத்தாவுக்கு அந்த ஞாயிறு. உனக்கு நீ பஸ் ஏறிய நாள். அதனருகில், மட்டக்களப்புக்குப் போகும் வழியில் கொண்டுசெல்லப்பட்டார் என்று அடித்தேன். படமாக அல்ல, எழுத்தாக.

உன் பெயரைத் தேடினேன். வந்தாய், டையோடு.

"இன்னொருக்கா அடிங்க" என்றார் அம்மா. அடித்தேன். மீண்டும் வந்தாய்.

இன்று முதலாளி என்னோடு கதைக்கவில்லை. பக்கம் எத்தனை நாள் நிற்கும், நான் இந்தக் கடையில் எத்தனை நாள் நிற்பேன், தெரியாது. ஓரிடத்தில் இருக்கவும் முடியவில்லை. எங்கே போனாலும் அந்தக் கோடிங்கை எடுத்துக்கொண்டுதான் போவேன். உன் வரி இப்போது அதில் இல்லை. கை வைக்காத மச்சான் என்ற குறிப்பை மட்டும் நான் அழிக்கவில்லை.