ஈர மெத்தைக்குக் காவல்

தூத்துக்குடி,
டிசம்பர் 24

அன்புள்ள தம்பி ஜாபேஸுக்கு,

கர்த்தர் கிருபையால் சுகம் என்று எழுதத்தான் ஆசை. மெத்தை நாற்றம் விடமாட்டேன் என்கிறது. போனில் பேசினால் உன் பெண்டாட்டி பெர்சி ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். அதனால் தாளில் எழுதிப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன்.

புயலில் உன் வீட்டு ஓடு பறந்து, உப்பளத்துத் தண்ணீர் கூடத்துக்குள் வந்து இரண்டு வாரமாகிறது. "இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து பாக்குற வரைக்கும் எதையும் தொடாதக்கா" என்றாய். தொடவில்லை. ஊறிய மெத்தை, உப்பிப்போன பீரோ, என் தையல் மெஷின் எல்லாம் கிடந்த இடத்திலேயே கிடக்கின்றன. நான் அடுப்படியில் படுக்கிறேன். நேற்று கேரல் பாட வந்த சபைப் பிள்ளைகள் கேட்டுக்கு வெளியே நின்றே பாடிவிட்டுப் போனார்கள். "உள்ள எலி எதுவும் செத்துக் கிடக்கா டீச்சர்?" என்று ஒருத்தி கேட்டாள். எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

கம்பெனிக்குப் போன் போட்டால் இன்றைக்கு, நாளைக்கு என்கிறார்கள். நீ அங்கிருந்து ஒரு சத்தம் போடக் கூடாதா?

உன் அன்பு அக்கா,
கிருபாபாய்


ஷார்ஜா,
ஜனவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

புத்தாண்டு வாழ்த்துகள். சத்தம் போட்டாயிற்று. திங்கட்கிழமை சர்வேயர் வருகிறார். நீ ஒன்றும் பேச வேண்டாம். பேசினால் அவரைப் பெஞ்சு மேல் ஏற்றிவிடுவாய். எனக்குப் போன் போட்டு அவர் கையில் கொடு. பணம் வந்ததும் ஓட்டுக்குப் பதிலாகக் கான்கிரீட்டே போட்டுவிடலாம். பெர்சி உன்னை விசாரித்தாள்.

தம்பி,
ஜாபேஸ்


தூத்துக்குடி,
ஜனவரி 8

ஜாபேஸுக்கு,

சர்வேயர் வந்தபோது நீ சொன்னபடி நான் வாயைத் திறக்கவில்லை. அவரும் ஸ்பீக்கரில்தான் போட்டார். மெத்தையும் மெஷினும் யாருடையது என்று கேட்டார். "அது அக்கா சாமான், க்ளெய்ம்ல சேக்காதீங்க. அவங்க அங்கன சும்மா தங்கியிருக்காங்க" என்றாய்.

சும்மாவா? "வீடு பூட்டிக் கிடந்தா கெட்டுப்போகும், நீ வந்து இருக்கா" என்று நாசரேத்தில் இருந்தவளைக் கூப்பிட்டது யார்? முழங்கால் தண்ணீரில் நின்று உன் டிவியையும் உன் கல்யாண ஆல்பத்தையும் பரணில் ஏற்றியது யார்? அந்த நேரத்தில் என் மெஷினைத் தூக்கியிருக்கலாம். என் சாமான் சேராது என்று முன்பே சொல்லியிருந்தால், மெத்தையை அன்றைக்கே வெளியே எறிந்திருப்பேன். கிறிஸ்துமஸ் அன்றும் அந்த நாற்றத்தோடு கிடந்தேனே. எனக்கு மனசு ஆறவில்லை.

மெத்தையைக் குப்பை வண்டியில் ஏற்றிவிட்டேன். கூடத்தைக் கழுவிவிட்டேன். நாளை மெஷினை எடுத்துக்கொண்டு நாசரேத்துக்குப் போகிறேன். என் சிநேகிதி ஈவாஞ்சலின் வீட்டு மாடியில் ஓர் அறை காலியாக இருக்கிறது. சாவி மரியான் அண்ணாச்சி கடையில் இருக்கும்.

இன்னொன்று. புறப்படும்போது சர்வேயர் என்னிடம் சொன்னார்: "ஒரு மாசத்துக்கு மேல வீட்ல ஆள் இல்லன்னா இந்தப் பாலிசி செல்லாது டீச்சர். நீங்க இருக்கப்போய்தான் க்ளெய்மே நிக்குது."

அதனால் சீக்கிரம் ஒரு ஆளைத் தேடிக்கொள். சும்மா தங்குவதற்கு யாராவது கிடைப்பார்கள்.

கிருபாபாய்