கைப்பிடி வெச்ச பெட்டி

லோகப்பிரியா அம்மணி,

கிருபா சாகறதுக்கு முன்னால பாதி பூட்டி வெச்ச சர்வர் கம்ப்யூட்டருக்கு, ரேக்கில் மாட்டுற இரும்புப்பெட்டி ரெண்டைக் கடைக்காரர் இன்னைக்குக் கொண்டாந்து காட்டுவார். மூணு காத்தாடி வெச்சது வேண்டாம். அதை ஓட்டினால் நம்ம ஊட்டு ஓடெல்லாம் காரமடைக்குப் பறந்துருமுன்னு அவர்கிட்டச் சொல்லிப்போட்டேன், மனுசன் நம்பிட்டார். முன்னால ரெண்டு கைப்பிடி வெச்ச பெட்டியை எடுத்துக்கோ.

மகன்தான் போயிட்டான், அவன் மெஷினாவது இங்கே கிடக்கட்டுமுன்னு நேத்து மருமகள்னும் பாக்காம உன்கிட்டக் கத்திப்போட்டேன். பெங்களூர் வேலைக்குப் போறப்போ அதையும் கொண்டுபோ கண்ணு. பஸ்ஸில் ஏத்தி இறக்கக் கைப்பிடி வேணுமல்ல.

சோறு மூடி வெச்சிருக்குது. கடைக்காரருக்கும் மோர் குடு.

மாமா

மறந்துட்டேன்: நான் அன்னூர் சந்தைக்குப் போறேன். இன்னைக்குச் சந்தை இல்லைன்னு எனக்கும் தெரியும். நீ மெஷினைப் பெட்டிக்குள்ள வெச்சு மூடிப்போடு, அப்புறம் வாரேன்.